ஈரத் தலையில் இஸ்திரி வேண்டாம்

ஹேர் ஸ்ட்ரெய்ட்னர் வாங்கியவர்கள் அடுத்ததாகக் கேட்பது, "முடி கெடாமல் இருக்க எந்த ஸ்ப்ரே அடிக்கணும்?" என்றுதான். ஸ்ப்ரே பற்றியும் சொல்கிறேன், கொஞ்சம் தாமதமாக. அதற்கு முன்னால் பேச வேண்டியது தண்ணீரைப் பற்றி. சூடு முடியைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது எத்தனை வேகமாகக் கெடும் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. விலை கொடுத்து வாங்கிய ஸ்ப்ரேயை அடித்துவிட்டு, அரைகுறையாகக் காய்ந்த முடியில் 200 டிகிரி அயர்னை வைப்பவருக்குக் காசும் போகிறது, முடியும் போகிறது.

கல்யாண மண்டபங்களின் மணமகள் அறையில் இதை அடிக்கடி பார்க்கலாம். ஆறு மணி முகூர்த்தம் என்றால் நாலு மணிக்கே தலைக்கு ஊற்றிக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பார்லரிலிருந்து வந்த பெண்ணுக்கு ஆளுக்குப் பத்து நிமிடம்தான் நேரம். ஒரு பிடி முடியை எடுத்துத் தட்டுகளுக்கு நடுவே வைத்து இழுத்ததும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், கூடவே வெள்ளையாக ஒரு புகை. "அது வெறும் ஆவிக்கா, ஒண்ணும் ஆகாது" என்பாள். அவள் சொல்வது பாதி சரி. ஆவிதான். ஆனால் அந்த ஆவி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்தால் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்ல முடியாது.

ஒரு முடியின் தடிமன் ஏறக்குறைய 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர். அதன் வெளிப்புறத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய மெல்லிய செதில்கள் பல அடுக்குகளாகப் படிந்திருக்கின்றன. உள்ளே இருப்பவை கெரட்டின் என்ற புரதத்தால் ஆன நார்கள். முடியின் வலுவும் சுருளும் நிறமும் அங்கேதான். செதில்களின் மேலே கண்ணுக்குத் தெரியாத கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. புது முடியில் தண்ணீர் உடனே உள்ளே இறங்காததற்கும் சீப்பு வழுக்கிக்கொண்டு போவதற்கும் அதுவே காரணம். பிளீச், டை, ரீபாண்டிங் என்று எதைச் செய்தாலும் முதலில் அடிபடுவது இந்தப் படலம். அது போன முடி தண்ணீரைச் சீக்கிரம் குடிக்கும், மெதுவாகக் காயும். கலர் செய்த முடிக்குச் சூட்டைக் குறைக்கச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உள்ளே இருக்கும் புரத நார்களை முக்கியமாக இரண்டு வகைப் பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானது. தண்ணீர் பட்டால் விடும், காய்ந்தால் திரும்பச் சேரும். இரவு ஈரத்தலையில் பின்னல் போட்டுத் தூங்கினால் காலையில் முடி அலை அலையாக நிற்பது இதனால்தான். ஸ்ட்ரெய்ட்னரும் கர்லரும் வேலை செய்வது இந்தப் பிணைப்பின் மீதுதான்: சூட்டால் தளர்த்தி, வேண்டிய வடிவத்தில் வைத்து, ஆறவிட்டால் அந்த வடிவத்திலேயே நிற்கும், அடுத்த முறை தண்ணீர் படும்வரை. இரண்டாவது, கந்தகப் பிணைப்பு. அது பலமானது, முடி சுருளா நேரா என்பதை நிலையாக முடிவு செய்வதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ரீபாண்டிங் செய்யும்போது ரசாயனம் போட்டு உடைத்து மறுபடி சேர்ப்பது அதைத்தான். வீட்டில் அயர்ன் செய்பவருக்கு அதன் பக்கமே போக வேண்டிய தேவை இல்லை. அளவு மீறிய சூடுதான் அங்கே கொண்டுபோய் விடுகிறது.

அந்த அளவு எது? நன்றாகக் காய்ந்த முடியின் கெரட்டின் கட்டமைப்பு குலைய, ஆய்வகத்தில் சுமார் 230 டிகிரி செல்சியஸ் வேண்டியிருக்கிறது. அதே முடி தண்ணீரில் ஊறியிருந்தால் 150 டிகிரி வாக்கிலேயே குலைந்துவிடுகிறது. ஆக, 180 டிகிரிக்கு வைத்த ஒரே அயர்ன், காய்ந்த முடிக்கு ஓரளவு தாங்கக்கூடிய சூடு. ஈர முடிக்கு எல்லை தாண்டிய சூடு. 180 வரை போனால் பரவாயில்லை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் அறிவுரைகள் இந்த இடத்தில்தான் ஆளைக் கவிழ்த்துவிடுகின்றன.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முடிக்குள் இருக்கும் தண்ணீர் திடீரென்று கொதித்து ஆவியாகும்போது வெளியே வர வழி கிடைக்காமல் உள்ளேயே விரிகிறது. நார்களைத் தள்ளிக்கொண்டு முடிக்குள் குமிழ்கள் உண்டாகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் முடி நெடுகச் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். மருத்துவர்கள் இதற்கு 'பபிள் ஹேர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். மருத்துவ இதழில் இது முதலில் பதிவானது 1986-இல். 1994-இல் வெளியான ஒரு ஆய்வில், அளவு மீறிச் சூடேறிய ஹேர் டிரையரால் ஒரு பெண்ணுக்கு இது வந்ததைக் கண்டுபிடித்து, சாதாரண முடியிலும் அதைச் செய்து காட்டினார்கள். 175 டிகிரியோ அதற்கு மேலோ எட்டும் டிரையரும், 125 டிகிரியில் ஒரு நிமிடம் பிடித்து வைத்த கர்லிங் கருவியும் அதற்குப் போதுமானதாக இருந்தன. குமிழ் விழுந்த முடி கம்பி மாதிரி விறைத்து நிற்கும், வளைத்தால் பட்டென்று உடையும். 'ஸ்ஸ்' சத்தத்தைக் கேட்டதும் அயர்னை எடுத்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

நம் வீடுகளில் இந்தத் தப்பு நடப்பதற்கு ஒரு காரணம் துணி இஸ்திரி என்று எனக்குத் தோன்றும். பருத்திச் சட்டையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால்தான் சுருக்கம் போகும். கையும் மனசும் அதற்குப் பழகியிருக்கின்றன. முடியிலும் கொஞ்சம் ஈரம் இருந்தால் நன்றாகப் படியும் என்று நினைக்கிறோம். படிவது என்னவோ உண்மைதான். ஆனால் பருத்தி தாவர நார், அந்தச் சூட்டையும் ஆவியையும் தாங்கும். முடி புரதம், தாங்காது.

ஆகவே முதல் வேலை, முடியை முழுசாகக் காயவைப்பது. நனைந்த முடி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் அது மிகவும் பலவீனம். துண்டை முறுக்கி முடியைப் பட்டுப்பட்டென்று அடித்துத் துவட்டுகிற வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. தடித்த டர்க்கி டவலைவிட, பழகி மென்மையான ஈரிழைத் துண்டோ பழைய பருத்தி வேட்டித் துணியோ மேல். முடியைச் சுற்றிப் பொதிந்து, அழுத்தி, ஈரத்தை உறிஞ்ச விட வேண்டும். தேய்க்க வேண்டாம்.

அதன்பிறகு தானாகக் காயவிடுவதா, டிரையர் போடுவதா? தானாகக் காய்வதே நல்லது என்றுதான் பொதுவாக நம்புகிறோம். 2011-இல் கொரிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்தது. முடிக் கற்றைகளை நனைத்து, சிலவற்றை அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் காயவிட்டார்கள். மற்றவற்றுக்கு டிரையரை வெவ்வேறு தூரத்தில் பிடித்தார்கள்: 15 சென்டிமீட்டரில் 47 டிகிரி, 10 சென்டிமீட்டரில் 61 டிகிரி, 5 சென்டிமீட்டரில் 95 டிகிரி. இப்படி 30 முறை. கிட்டே பிடிக்கப் பிடிக்கச் செதில்கள் அதிகம் சேதமடைந்தன; அது எதிர்பார்த்ததுதான். ஆனால் செதில்களை ஒட்டிவைத்திருக்கும் உள்அடுக்கு பாதிக்கப்பட்டது, காற்றில் காய்ந்த கற்றைகளில் மட்டுமே. நீண்ட நேரம் ஈரத்தில் ஊறிக் கிடப்பதும் முடிக்கு ஒரு சுமை என்று அவர்கள் சந்தேகித்தார்கள். 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, டிரையரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருந்தால் தானாகக் காயவிடுவதைவிடச் சேதம் குறைவு என்பது அவர்கள் முடிவு. ஆய்வகக் கற்றைகளில் செய்த சிறிய சோதனை இது, வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் இரவு தலைக்கு ஊற்றி, ஈரத்தோடு இறுக்கிக் கொண்டை போட்டுப் படுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பிள்ளை பெற்றவளுக்கும் கைக்குழந்தைக்கும் தலையைத் துவட்டிச் சாம்பிராணி காட்டிய பாட்டிமார்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதுதானே: குறைந்த சூடு, தள்ளிப் பிடிப்பது, சீக்கிரம் காயவைப்பது.

பதினைந்து சென்டிமீட்டர் என்றால், கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்த ஒரு சாண் அளவைவிடக் கொஞ்சம் குறைவு. முதலில் பாதி ஈரம் போகும்வரை நடுத்தரச் சூடு, பிறகு குறைந்த சூடு, முடிவில் குளிர்காற்றுப் பொத்தான். தளர்ந்த பிணைப்புகள் சேர்வது ஆறும்போதுதான் என்பதால், குளிர்காற்றுக்கு வேலை இருக்கிறது. காற்று வேரிலிருந்து நுனியை நோக்கிப் போக வேண்டும். எதிர்த்திசையில் அடித்தால் செதில்கள் தூக்கிக்கொள்ளும்.

டிரையரின் பின்பக்கம் காற்றை உள்ளே இழுக்கும் வலை ஒன்று இருக்கும். உங்கள் வீட்டு டிரையரை இப்போது எடுத்துப் பாருங்கள். தூசியும் முடியும் பஞ்சு மாதிரி அடைத்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். உள்ளே போகும் காற்று குறைந்தால் வெளியே வரும் காற்றின் சூடு ஏறும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மாதம் ஒருமுறை தட்டிவிட்டால் போதும். இன்னொன்று: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் டிரையரை, பிளக் அடாப்டர் மட்டும் மாட்டி இங்கே 230 வோல்ட்டில் போடாதீர்கள். அது இழுக்கும் மின்சாரச் சக்தி மூன்றரை மடங்கைத் தாண்டும். முடிக்கு முன்னால் டிரையரே கருகிவிடும். ஸ்ட்ரெய்ட்னர்களில் பல 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், கைப்பிடியிலேயே அச்சிட்டிருக்கும், பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

அடுத்தது அயர்ன் சூடு. மெல்லிய முடி, கலர் செய்த முடி, பிளீச் செய்த முடி என்றால் 150 டிகிரியைத் தாண்ட வேண்டாம். சாதாரண முடிக்கு 150 முதல் 180. தடித்த, அடர்ந்த சுருள் முடிக்கு 180-க்கு மேல் கொஞ்சம் போக வேண்டியிருக்கலாம். 200-ஐத் தொட வேண்டிய அவசியம் வீட்டில் யாருக்கும் இல்லை என்பேன். 230 என்பதெல்லாம் பார்லரில் ரசாயனச் சிகிச்சையோடு சேர்த்துப் பயன்படுத்தும் சூடு. சில கருவிகளின் திரையில் 350, 400 என்று எண்கள் வரும். பயப்பட வேண்டாம், அது ஃபாரன்ஹீட் கணக்கு. 400 என்றால் இங்கே 204.

எண்ணே காட்டாத, ஒரே சிவப்பு விளக்கு மட்டும் எரிகிற மலிவான அயர்ன்களை என்ன செய்வது? அதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1870-களில் பாரிஸில் மார்செல் கிராட்டோ என்ற சிகை அலங்காரக்காரர், காஸ் அடுப்பில் காய்ச்சிய இடுக்கியால் பெண்களின் முடியில் அலை வைக்கும் முறையைப் பிரபலப்படுத்தினார். அந்தக் காலத்து இடுக்கிகளுக்குத் தெர்மாமீட்டர் கிடையாது. முடியில் வைக்கும் முன் வெள்ளைத் தாளில் வைத்துப் பார்ப்பார்கள். தாள் பழுத்தால் ஆறவிடுவார்கள். இன்றைக்கும் டிஷ்யூ பேப்பரைத் தட்டுகளுக்கு நடுவே சில விநாடி பிடித்துப் பாருங்கள். பேப்பர் பழுப்பேறினாலோ தீய்ந்த வாடை வந்தாலோ அந்தக் கருவியை நம்பி முடியைக் கொடுக்காதீர்கள்.

சூட்டைக் குறைத்துவிட்டு, ஒரே இடத்தை ஏழெட்டு முறை இழுப்பதில் பயன் இல்லை. முடி சூட்டில் இருக்கும் மொத்த நேரமும் கணக்கில் சேரும். ஓர் அங்குலத்துக்கு மேல் அகலமில்லாத கற்றையாக எடுத்து, சீப்பை முன்னால் ஓடவிட்டு, அதன் பின்னாலேயே அயர்னை நிறுத்தாமல் நிதானமாக இறக்கினால் ஒன்றிரண்டு இழுப்பில் முடிந்துவிடும். ஒரு கைப்பிடி முடியை மொத்தமாக வைத்தால் வெளிமுடி வேகும், உள்முடிக்குச் சூடே போகாது. அப்புறம் இன்னொரு முறை, இன்னொரு முறை என்று போகும். அவசரமாகச் செய்பவர்கள் கற்றையைப் பெரிசாக எடுப்பதுதான் வழக்கம், நேரமும் அதனால்தான் கூடுகிறது. செராமிக்கா டைட்டானியமா என்ற விவாதத்துக்கு நான் அதிகம் மதிப்பு தருவதில்லை. தட்டின் பூச்சு உரியாமலும் தட்டு சுத்தமாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சீரம் தீய்ந்து ஒட்டிய தட்டு முடியைப் பிடித்து இழுக்கும். பிளக்கைக் கழற்றி, ஆறிய பிறகு ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும்.

இப்போது ஸ்ப்ரே. ஹீட் புரொடெக்டன்ட் என்ற பெயரைப் பார்த்து அது சூட்டைத் தடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சூடு முடிக்குள் இறங்கும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், சமமாகப் பரவவிடும், தட்டுக்கும் முடிக்கும் நடுவே உராய்வைக் குறைக்கும். அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. வேலை செய்பவை பெரும்பாலும் சிலிகோன்களும் சில பாலிமர்களும். பாட்டிலின் பின்பக்கத்தில் டைமெத்திகோன், அமோடைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலோக்சேன், ஹைட்ரோலைஸ்டு புரதம் என்ற பெயர்கள் இருந்தால் அவைதான். சிலிகோன் என்றாலே விஷம் என்று பரவிய பயத்துக்கு முடியைப் பொறுத்தவரை ஆதாரம் போதாது. படிந்தால் ஷாம்பூ போட்டால் போகும். இலை, பூ படம் மட்டும் போட்டு இந்த வகைப் பொருள் எதுவும் இல்லாத பாட்டில், வாசனைக்கு நன்றாக இருக்கும்.

ஸ்ப்ரேயை எப்போது அடிப்பது என்பதில்தான் சூட்சுமம். பெரும்பாலான ஸ்ப்ரேக்களில் அதிகம் இருப்பது தண்ணீர். அதை அடித்த கையோடு அயர்னை வைத்தால், அத்தனை நேரம் காயவைத்த முடியை நாமே மறுபடி நனைத்ததாக ஆகிறது. அதே 'ஸ்ஸ்' சத்தம் வரும். டிரையர் போடும் முன்பே, ஈர முடியில் அடித்துச் சீப்பால் பரப்பிவிட்டு, பிறகு காயவைப்பது நல்ல வழி. அயர்னுக்கு முன் அடிப்பதானால் சில நிமிடம் விட்டுத் தொட்டுப் பார்த்து, காய்ந்த பிறகே கருவியை எடுக்க வேண்டும். மேல்முடியில் மட்டும் அடித்து நிறுத்தக் கூடாது; முடியைப் பிரித்து உள்ளடுக்கிலும் நுனியிலும் அடிக்க வேண்டும். சீரம் என்றால் தோள்வரை உள்ள முடிக்கு இரண்டு மூன்று சொட்டு. இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்து, நுனியில் தொடங்கிப் பாதி முடிவரை தடவினால் போதும். வேர்ப் பக்கம் போனால் மாலைக்குள் எண்ணெய் வழிகிற மாதிரி ஆகிவிடும்.

தேங்காய் எண்ணெய் தடவி அயர்ன் பண்ணலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் 175 டிகிரி வாக்கில் புகைய ஆரம்பிக்கும். அதன் இடம் வேறு: தலைக்குக் குளிப்பதற்கு முன்னால். 2003-இல் மும்பை ஆய்வகம் ஒன்றில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டதில், முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே என்று கண்டார்கள். அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் இறங்குகிறது என்பது அவர்கள் விளக்கம். ஆய்வகம் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்துடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நம் வீட்டு அனுபவத்துக்கு அந்த முடிவு முரணில்லை. முதல் நாள் இரவு எண்ணெய், காலையில் ஷாம்பூ, கண்டிஷனர், பிறகு மற்றவை. எண்ணெய்ப் பிசுக்கு சுத்தமாகப் போயிருக்க வேண்டும்.

சென்னையிலும் கடலோர ஊர்களிலும் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சங்கடம். காலையில் நேராக்கிய முடி, பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்குள் மறுபடி சிலும்பிக்கொள்ளும். காற்றிலிருக்கும் ஈரப்பதம் முடிக்குள் போய், சேர்த்து வைத்த ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்திவிடுகிறது. உடனே மாலையில் இன்னொரு முறை, மறுநாள் காலையில் இன்னொரு முறை என்று அயர்னை எடுப்பவர்களின் முடிதான் சீக்கிரம் கெடுகிறது. அயர்ன் முடிந்து ஆறியபின் ஒரு சொட்டு சிலிகோன் சீரம், ஈரம் உள்ளே போவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அடைமழைக் காலத்தில் அதுவும் தோற்கும். ஐப்பசியில் பின்னல் போட்டுக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைக்குமேல் அயர்ன் வேண்டாம்.

கதவைச் சாத்திய சின்னக் குளியலறையில் இதையெல்லாம் செய்யாதீர்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில், சூட்டுக் கருவியோடு சீரம், கிரீம் பயன்படுத்தும்போது காற்றில் என்ன கலக்கிறது என்று அளந்தார்கள். 10 முதல் 20 நிமிடத்தில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட நுண்துகள்கள் நுரையீரலில் படியக்கூடும் என்று 2025-இல் வெளியிட்டார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால், எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் பெருமளவு வெளியே போய்விடும்.

முடி ஏற்கெனவே கெட்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரோடு விழுந்தது; அதற்கும் அயர்னுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. குமிழ் இல்லாமல், குட்டையாக, இரண்டு பக்கமும் மொட்டையாக இருந்தால் அது நடுவில் உடைந்தது. 'முடி கொட்டுது' என்று தைலத்துக்கு அலைபவர்களில் சிலருக்கு உண்மையில் நடப்பது இந்த உடைசல்தான். நுனிப் பக்கம் வெள்ளைப் புள்ளிகள், முனையில் பிளவு, ஈரத்தில் இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு திரும்பாமல் அறுந்துபோவது, சுருள் முடியில் சில கற்றைகள் மட்டும் குளித்தபிறகும் சுருளாமல் தொங்குவது: இவையும் அடையாளங்கள். நரைத்த முடியில் சூடு அதிகமாகப் பட்டால் மஞ்சள் பாரிக்கும். வெள்ளை முடிக்காரர்கள் சூட்டை இன்னும் குறைக்க வேண்டும்.

தோலுக்கு வெளியே வந்த முடியில் உயிர் இல்லை, ஆகவே அது தானாக ஆறாது. 'ரிப்பேர்' என்று எழுதிய எந்தப் பாட்டிலும் பிளந்த நுனியைச் சில நாள் ஒட்டி வைக்குமே தவிர, பழையபடி ஆக்காது. முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். இடுப்புவரை முடி உள்ளவரின் நுனி ஐந்தாறு வருடம் பழையது. அத்தனை வருட ஷாம்பூவையும் வெயிலையும் சூட்டையும் பார்த்தது. ஆகவே அயர்ன் நுனிக்கு வரும்போதுதான் வேகமாகக் கடந்துபோக வேண்டும். பலரும் அங்கேதான் நிறுத்திப் பிடித்து இழுக்கிறார்கள்.

கெட்ட முடியை ஒரேயடியாக வெட்ட மனசு வராதவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு அங்குலம் எடுத்துக்கொண்டே வரலாம். மேலிருந்து புது முடி வளரும்போது, அது பழைய முடியைச் சந்திக்கும் இடம் மிகப் பலவீனமாக இருக்கும். தடவிப் பார்த்தால் விரலுக்கே சொரசொரப்பு மாறுவது தெரியும். அந்த இடத்தில் சீப்பை மெதுவாக விடுங்கள், ரப்பர் பேண்டை அங்கே போடாதீர்கள், அயர்னை அங்கே வைக்கவே வைக்காதீர்கள்.